சாவி இல்லாத ட்ராவல் பூட்டு: எங்கள் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் எங்கள் ஹார்ட்வேர் கடை இருக்கிறது. ஆணி, கீல், தாழ்ப்பாள், பெயிண்ட் விற்கிற சாதாரணக் கடைதான். ஆனால் சுற்றிலும் லாட்ஜுகள். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பார்க்க வங்காளம், அஸ்ஸாம், ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்கள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். "தாலா, தாலா" என்று கேட்டு வருவார்கள். இந்தியிலும் வங்காளியிலும் பூட்டுக்கு அதுதான் பேர். காட்பாடியில் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்களும் வருவார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். கல்லாவில் நின்று அவசரமாகச் சொல்வதை நிதானமாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

"இன்னாங்க இது, சாவியே காணோம். இது எப்படி பூட்டு?"

இது வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போவதற்கான பூட்டு இல்லை. நீங்கள் அறைக்குள் இருக்கும்போது வெளியிலிருந்து யாரும் கதவைத் திறக்காமல் தடுக்கும் சாமான். அதனால்தான் சாவி தேவைப்படவில்லை. மாட்டுகிறவரும் கழற்றுகிறவரும் உள்ளே இருக்கிற நீங்கள்தான். வெளியில் நிற்பவர் கையில் அந்த அறையின் சாவியே இருந்தாலும் கதவு திறக்காது.

ஆணி அடிக்க வேண்டாம், ஓட்டை போட வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும். அறையைக் காலி செய்யும்போது பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

"இதுல எத்தனை தினுசு இருக்கு?"

பெரும்பாலும் மூன்று. முதலாவது நகத் தகடு உள்ளது, அதாவது முனை நகம் மாதிரி வளைந்த தகடும், அதில் செருகும் பிடித் துண்டும். எல்லோரும் ட்ராவல் லாக் என்று கேட்பது இதைத்தான். இரண்டாவது கதவுக்கு அடியில் செருகும் ரப்பர் ஆப்பு. கதவு தள்ளப்பட்டால் கத்துகிற அலாரம் வைத்த ஆப்பும் உண்டு. மூன்றாவது முட்டுக் கம்பி. ஒரு முனை தரையில் ஊன்றும், கவை மாதிரி இருக்கும் மறுமுனை கைப்பிடிக்கு அடியில் முட்டுக் கொடுக்கும்.

முட்டுக் கம்பிக்கு உருண்டைக் குமிழோ நீளக் கைப்பிடியோ கட்டாயம் வேண்டும். நம்மூர்க் கதவுகளில் முக்கால்வாசி இரண்டு பக்கமும் ஸ்குரூ அடித்த வளைவுக் கைப்பிடிதான், கவை அதில் சரியாக உட்காராது. கம்பியும் நீளம், பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவது சிரமம். அதனால் நான் அதை அதிகம் சிபாரிசு செய்வதில்லை.

"எங்க ரூம் கதவுக்கு இது சேருமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

வாங்குவதற்கு முன்னால் அறைக்குப் போய்க் கதவைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். முதலில், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? அறைக்குள் நின்றுகொண்டு உங்கள் பக்கமாக இழுத்தால் திறக்கிறதா? அப்படியென்றால் சரி. வெளியே தள்ளித் திறக்கிற கதவென்றால் இந்த மூன்று தினுசும் உதவாது.

அடுத்து நிலையைப் பாருங்கள். கதவுப் பூட்டின் நாக்கு போய் விழுகிற ஓட்டையும், அதைச் சுற்றி ஒரு உலோகத் தகடும் இருக்க வேண்டும். நகம் மாட்டிக்கொள்வது அங்கேதான். ஆற்காடு, ஆரணி பக்கத்துப் பழைய வீடுகளில் இரட்டைக் கதவும் மரத் தாழும் இருக்கும், அங்கே இந்த ஓட்டையே இருக்காது. மேலே ஏற்றிப் போடும் தாழ்ப்பாள் மட்டும் உள்ள கதவிலும் அப்படித்தான்.

கடைசியாக இடுக்கு. கதவைச் சாத்திவிட்டு, பூட்டு இருக்கும் உயரத்தில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே இரண்டு ஏடிஎம் கார்டுகளைச் சேர்த்து நுழைத்துப் பாருங்கள். சேர்ந்த கனம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். அதுவே நுழையவில்லை என்றால் பெரும்பாலான தகடுகளும் நுழையாது. கார்டை முரட்டுத்தனமாக அழுத்தாதீர்கள், முறிந்துபோகும்.

"உள்ளதான் தாழ்ப்பாள் இருக்கே, அப்புறம் இது எதுக்கு?"

நல்ல கேள்வி. உள்தாழ்ப்பாள் உறுதியாக இருந்தால் இது வேண்டியதில்லை, காசை மிச்சம் பண்ணுங்கள். விற்கிற நானே சொல்கிறேன். பத்து அங்குலத் தாழ்ப்பாள் ஒன்று ஸ்குரூ ஆடாமல், கம்பி நிலைக்குள் முழுசாக ஏறி நின்றால், அதைவிட நல்ல காவல் இந்த விலையில் கிடையாது.

சிக்கல் என்னவென்றால் பல அறைகளில் தாழ்ப்பாள் பேருக்குத்தான் இருக்கிறது. நாலு ஸ்குரூவில் இரண்டு இருக்காது. கம்பி நிலைக்குள் கால் அங்குலம்தான் ஏறும். சில அறைகளில் குமிழ்ப் பூட்டு மட்டும்தான், தாழ்ப்பாளே இல்லை. அதற்கு இன்னொரு சாவி எங்கே தொங்குகிறது, யார் கையில் இருக்கிறது என்று தங்க வந்தவருக்குத் தெரியாது. புது ஊர், பாஷை தெரியாது, கூட வந்த ஆண் வார்டில் நோயாளிக்குத் துணையாக இருக்கிறார், அறையில் ஒரு பெண் தனியாகத் தூங்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இது. எங்கள் கடையில் இதை வாங்குகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் பெண்கள்.

தாழ்ப்பாள் ஆடினால் முதலில் மேனேஜரிடம் சொல்லுங்கள். இரண்டு நீள ஸ்குரூ போட்டால் தீர்கிற விஷயம்.

"சரி, மாட்டிக் காட்டுங்கக்கா, ஒரு தடவை பார்த்துக்கறேன்."

கடையில் ஒரு பழைய கதவுத் துண்டை நிலையோடு வைத்திருக்கிறோம், அதில் மாட்டிக் காட்டுவேன். எழுத்தில் சொன்னால் இப்படி. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தகட்டின் வளைந்த நகங்களை நிலையில் உள்ள ஓட்டைக்குள் விடுங்கள். தகட்டின் மிச்ச நீளம் அறையின் உள்பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே கதவைச் சாத்துங்கள். இப்போது தகடு இடுக்கு வழியாக உள்ளே நீட்டி நிற்கும், அதில் துவாரங்கள் தெரியும். இரண்டாவது பாகத்தை, பிளாஸ்டிக் பிடி உள்ள துண்டை, கதவை ஒட்டினாற்போல் இருக்கும் துவாரத்தில் செருகுங்கள். அவ்வளவுதான்.

வெளியிலிருந்து தள்ளினால் கதவு அந்தத் துண்டை அழுத்தும், துண்டு தகட்டை இழுக்கும், தகட்டின் நகம் நிலையில் மாட்டிக்கொண்டு நிற்கும். மாட்டிய பிறகு நீங்களே கதவை உள்பக்கம் இழுத்துப் பாருங்கள். விரல் நுழைகிற அளவுக்குத் திறந்தால், தள்ளி இருக்கும் துவாரத்தில் செருகியிருக்கிறீர்கள். இன்னும் கிட்டத் துவாரத்துக்கு மாற்றுங்கள்.

"எங்க கதவு வெளிப்பக்கமா திறக்குது. வேற வழி இல்லையா?"

வெளிப்பக்கம் இழுத்துத் திறக்கிற கதவை ஆப்போ, முட்டோ, நகத் தகடோ பிடிக்காது. இவை எல்லாமே தள்ளுகிற கதவைத் தடுப்பவை. உள்கைப்பிடியை ஏதாவது கனமான, அசையாத ஒன்றோடு பெல்ட்டால் கட்டுவது ஒரு வழி. ஆனால் லாட்ஜ் அறையில் அப்படி அசையாத சாமான் கதவுக்குப் பக்கத்தில் இருப்பது அபூர்வம். இந்த மாதிரி அறையென்றால் நல்ல உள்தாழ்ப்பாள் இருக்கிற வேறு அறை கேளுங்கள்.

"ரப்பர் ஆப்பு வாங்கினேன், டைல்ஸ்ல வழுக்கிட்டுப் போவுது."

புதுசாகப் போட்ட பளபள டைல்ஸில் வழுக்கத்தான் செய்யும். பாதிக் காரணம் தூசி. ஆப்பின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, தரையில் அந்த இடத்தையும் துடைத்து, இரண்டும் காய்ந்த பிறகு செருகிப் பாருங்கள், பிடிப்பில் வித்தியாசம் தெரியும். ஆப்பு கதவின் கீல் பக்கம் இருக்கக் கூடாது, திறக்கிற ஓரத்தில் இருக்க வேண்டும். காலால் ஒரு உதை கொடுத்து இறுக்குங்கள். கதவுக்கு அடியில் இடைவெளி ஆப்பின் உயரத்தைவிட அதிகமாக இருந்தால் அது ஆப்பே இல்லை.

அலாரம் ஆப்பு தடுக்காவிட்டாலும் எழுப்பிவிடும். ரொம்ப பலமாகக் கத்தும். பக்கத்து அறையில் ஆபரேஷன் முடிந்து வந்தவர் படுத்திருக்கலாம். எனவே காலையில் எழுந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு எடுங்கள். பயணத்தில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

"வெளிய டிபன் வாங்கப் போவும்போதும் இதையே போட்டுட்டுப் போலாமா?"

முடியாது. முதல் கேள்வியிலேயே சொன்னதுதான், இது உள்ளே இருப்பவருக்கான பூட்டு. வெளியே போகும்போது அறையின் பூட்டோடு, கொண்டி இருந்தால் உங்கள் சொந்தத் தொங்கு பூட்டும் போடுங்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கனமும் கைவேலையும் உள்ள சாமான், நான் விரும்பி விற்பது அதைத்தான்.

சாவி தொலைத்துவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள் நம்பர் பூட்டு கேட்கிறார்கள். மூன்று சக்கரம் உள்ளதில் 1,000 எண்கள்தான் சாத்தியம், நாலு சக்கரம் என்றால் 10,000. பெட்டிக்கு மூன்று சக்கரம் போதும், கதவுக்கு நாலு வாங்குங்கள். வாங்கின அன்றே 000 அல்லது 0000 என்று இருப்பதை மாற்றிவிடுங்கள். மாற்றிய எண்ணை வீட்டில் இருக்கும் ஒருவருக்கும் சொல்லி வையுங்கள்.

"உள்ள நாங்க தூங்கும்போது யாராச்சும் வெளிக் கொண்டியைப் போட்டுட்டா?"

இந்தப் பயம் நியாயமானது. இதற்கு ட்ராவல் லாக் பதில் சொல்லாது, அது வெளியாளை நிறுத்துமே தவிர உங்களை வெளியே விடாது. ஆனால் காசில்லாத வழி ஒன்று உண்டு. வெளியே கொண்டியும் வளையமும் உள்ள கதவென்றால், உள்ளே போவதற்கு முன் உங்கள் தொங்கு பூட்டை வெறும் வளையத்தில் மாட்டிப் பூட்டிவிட்டு, சாவியோடு உள்ளே போங்கள். வளையத்தில் பூட்டு தொங்கும்போது கொண்டி அதன்மேல் இறங்காது. பூட்டையும் யாரும் கொண்டுபோக முடியாது. எங்கள் மாமனார் ஊர் ஊராகச் சரக்கெடுக்கப் போன காலத்தில் செய்ததாகச் சொல்வார். இன்றைக்கும் அதே வழிதான்.

"லாட்ஜ்காரங்க, ஹாஸ்டல்ல இருக்கறவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

கதவில் கீறல் விழாது, ஓட்டை விழாது, அதனால் பெரும்பாலும் யாரும் ஆட்சேபிப்பதில்லை. ஆனாலும் ரிசப்ஷனில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. ஏன் என்பது கீழே நோயாளி பற்றிய பதிலில் இருக்கிறது. ஹாஸ்டல் விஷயம் வேறு. அங்கே ராத்திரி வார்டன் கதவைத் திறந்து பார்க்க வேண்டிய அவசரம் வரலாம். விடுதி விதியைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள், பிள்ளையிடம் ரகசியமாகக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். ஆஸ்பத்திரி வார்டு, ஆஸ்பத்திரி அறை எதிலும் இதைப் போடவே கூடாது. நர்ஸ் எந்த நேரமும் உள்ளே வர வேண்டியவர்.

"மே மாசம் நல்லா நுழைஞ்சுது, இப்ப நுழைய மாட்டேங்குது. பூட்டு கெட்டுப் போச்சா?"

பூட்டுக்கு ஒன்றுமில்லை, கதவு ஊதியிருக்கிறது. வேலூர் வெயிலில் மரம் காய்ந்து இடுக்கு பெரிதாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்து மரம் பெருத்து இடுக்கு அடைந்துவிடும். தகட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றாதீர்கள். ஏறிவிடும், ஆனால் அவசரத்தில் வராது. அந்த மாதங்களில் ஆப்புக்கு மாறுங்கள்.

"எவனாச்சும் தோளைக் கொடுத்து மோதினா தாங்குமா?"

பூட்டு தாங்கும், நிலை தாங்குமா என்பதுதான் கேள்வி. மேலே சொன்ன மாதிரி, விசை முழுவதும் போய்ச் சேர்வது நிலையில் உள்ள அந்தச் சின்னத் தகட்டில். அதைப் பெரும்பாலும் முக்கால் அங்குல ஸ்குரூ இரண்டுதான் பிடித்துக்கொண்டிருக்கும். மரம் செல்லரித்திருந்தால் ஒரே மோதலில் பிய்த்துக்கொண்டு வரும். மாட்டுவதற்கு முன் அந்தத் தகட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் நம்பாதீர்கள்.

சாவி வைத்திருப்பவர் சத்தமில்லாமல் உள்ளே வருவதை இது நிறுத்தும். உடைத்தே தீருவது என்று வருகிறவரை நிறுத்தாது, தாமதப்படுத்தும். அந்த அரை நிமிடத்தில் நீங்கள் விழித்து, விளக்கைப் போட்டு, கத்தி, 112-க்குப் போன் செய்யலாம். போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குங்கள்.

"தீ கீ பிடிச்சா மாட்டிக்க மாட்டோமா?"

மாட்டிக்கொள்ளலாம், பழக்கம் இல்லையென்றால். முதல் நாள் ராத்திரியே விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே கையால் கழற்றிப் பாருங்கள். மூன்று தடவை செய்தால் விரலுக்கு வழி தெரிந்துவிடும். அறையில் தூங்குகிற எல்லோரும் செய்து பார்க்க வேண்டும், பத்து வயதுப் பிள்ளையாக இருந்தாலும். கதவுக்கு முன்னால் பெட்டி, பக்கெட், செருப்பு எதுவும் வேண்டாம்.

இங்கே பல லாட்ஜுகளில் அறையிலேயே சமைத்துக்கொள்ள விடுகிறார்கள். அடுப்பு எரியும் நேரத்தில் இதை மாட்டவே மாட்டாதீர்கள்.

"நான் மருந்து வாங்கப் போறப்ப அம்மா மட்டும் ரூம்ல இருப்பாங்க. உள்ள இருந்து போட்டுக்கச் சொல்லலாமா?"

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் மாமியார் குளிக்கப் போய் வழுக்கி விழுந்தார். பாத்ரூம் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார், எங்கள் கடையிலிருந்து எடுத்து நானே நின்று மாட்டச் சொன்ன தாழ்ப்பாள். அவர் முனகுகிற சத்தம் கேட்கிறது, எங்களுக்குக் கதவு திறக்கவில்லை. கீழே அவர் எந்தப் பக்கம் கிடக்கிறார் என்று தெரியாததால் பலமாக உடைக்கவும் பயம். கடைசியில் கதவின் மேல் பலகையை அறுத்து, என் வீட்டுக்காரர் கையை விட்டுத் தாழ்ப்பாளை எடுத்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஈரத் தரையில் அத்தனை நேரம் கிடந்திருக்கிறார். இப்போது அந்தக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே திருகினால் பூட்டும், வெளியே இருக்கும் பள்ளத்தில் ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறக்கும் பூட்டு போட்டிருக்கிறோம்.

ட்ராவல் லாக் அந்தத் தாழ்ப்பாளைவிட மோசம், வெளியிலிருந்து அதைத் தொடவே முடியாது. எனவே நோயாளி தனியாக இருக்கும்போது, மயக்கம் வரக்கூடியவர், வலிப்பு உள்ளவர், சர்க்கரை திடீரென்று இறங்குகிறவர், நேற்றுதான் டிஸ்சார்ஜ் ஆனவர் தனியாக இருக்கும்போது, இது கதவில் இருக்கக் கூடாது. அறையின் சொந்தப் பூட்டு மட்டும் போதும். நீங்கள் ஒரு சாவியோடு போங்கள், நோயாளி உள்ளே இருக்கிறார் என்று ரிசப்ஷனில் சொல்லிவிட்டுப் போங்கள். வெளிக் கொண்டியைப் போட்டுவிட்டும் போகாதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 108 என்பதை அம்மாவின் போனில் பதிந்து வையுங்கள்.

நீங்கள் கூடத் தூங்கும் ராத்திரியில் மாட்டலாம். எழுந்து கழற்றத் தெம்புள்ள ஒருவர் உள்ளே இருக்கிறார் அல்லவா, அது போதும்.

"அப்பாவுக்கு மறதி. ராத்திரி எழுந்து கதவைத் திறந்துட்டுப் போயிடறார். அதுக்கு ஆவுமா?"

இப்படிக் கேட்பவர்கள் முன்பைவிட இப்போது அதிகம் வருகிறார்கள். தெரியாத ஊரில் மாடிப்படி, கீழே ரோடு, உங்கள் கவலை புரிகிறது. நீங்களும் அதே அறையில் படுத்திருந்தால் மாட்டலாம். புதுச் சாமானைக் கழற்ற அவருக்குப் புரிபட நேரமாகும், அதற்குள் நீங்கள் எழுந்துவிடலாம். தீ பற்றிச் சொன்னதெல்லாம் இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

எனக்குக் கேட்டால் இதற்குப் பூட்டைவிடச் சத்தம் நல்லது. பூஜைச் சாமான் கடையில் சின்ன மணி கிடைக்கும். இரண்டைக் கயிற்றில் கோத்துக் கைப்பிடியில் தொங்கவிடுங்கள். அவரும் அடைபட்ட மாதிரி உணர மாட்டார், நீங்களும் விழித்துக்கொள்வீர்கள். கட்டிலைக் கதவு ஓரமாகப் போட்டு நீங்கள் படுத்துக்கொள்வது அதைவிட நல்லது.

"காட்பாடியில டிரெயின் ஏறறோம், அதுலயும் உதவுமா?"

உதவாது. படுக்கை வசதிப் பெட்டியில் பூட்டக் கதவே இல்லை. அங்கே வேண்டியது சங்கிலியும் பூட்டும். கீழ் பெர்த்துக்கு அடியில் வளையம் இருக்கும், பெட்டியின் கைப்பிடி வழியாகச் சங்கிலியை விட்டு அதில் பூட்டுங்கள். ரயிலில் உதவிக்கு 139.

"நகத் தகட்டைத் தொலைச்சுட்டேன். அது மட்டும் தனியா கிடைக்குமா?"

தனியாகக் கம்பெனியிலிருந்து வருவதில்லை. ஆனால் அது எங்கே போனது என்று எனக்குத் தெரியும். காலையில் பிடித் துண்டை உருவிப் பையில் போட்டுவிட்டுக் கதவைத் திறப்பீர்கள், தகடு நிலையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், இல்லை கீழே விழுந்து மிதியடிக்கு அடியில் போயிருக்கும். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்? கூட்ட வருகிற அம்மாக்களில் இரண்டு பேர் அவற்றை எடுத்து எங்கள் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே அளவு இல்லை. உங்கள் பிடித் துண்டைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். சேர்ந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை.